படலையில் கேட்காத கேள்வி

உடைந்து விழுந்த கதவின்மேல் காலை வெயில் கிடக்கிறது. சாமியறையில் கைலாசபதி ஐயர் செபத்தில் இருக்கிறார். செபம் முடியும்வரை அவர் வாய் திறப்பதில்லை என்று நயினாதீவுக்கே தெரியும். வருகிறவர்கள் வாசல் படலையில் நின்று கூப்பிட, மனைவி அம்பிகைதான் போய்ப் பதில் சொல்லுவாள். இந்தப் பொலிஸ்காரர்கள் கூப்பிடவில்லை. "மகன் எங்கை? சொல்லு!" துவக்கு ஐயரின் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. "எங்களுக்குப் பிள்ளையே இல்லை, ஐயா! அவர் செபத்தில இருக்கிறார், என்னைக் கேளுங்கோ!" என்று அம்பிகை கத்துகிறாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்புவதாயில்லை. கொஞ்சம் பொறுங்கோ என்று எல்லாருக்கும் காட்டுவதுபோலவே ஐயர் வலக்கையை உயர்த்துகிறார். துவக்கு வெடிக்கிறது. செம்பு உருண்டு, தீர்த்தம் அவள் காலடிவரை சிவந்து வருகிறது. படலையில் நின்று கேட்டிருக்க வேண்டியதை பொலிஸ்காரரில் ஒருவன் இப்போதுதான் கேட்கிறான்: "இது மார்க்கண்டு வீடுதானே?"