நன்றாகக் கேட்ட மருந்து

தொண்டைக்குள் குழாய் விட்டு, மூச்சுப் பாதையின் செல்களைப் பரிசோதனைக்குச் சுரண்டி எடுத்தது போன மாதம். அந்தக் குமட்டல் இன்னும் அவனை விடவில்லை.

"இசக்கிதுரை, ரிசல்ட் வந்தாச்சு" என்றாள், ஆஸ்பத்திரியின் ஆஸ்துமா ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ரஞ்சனி. "இன்ஹேலர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்த முதல் டெஸ்ட்ல, உங்க மூச்சுக்குழாய் செல்லுல ஆஸ்துமா ஜீனெல்லாம் கன்னாபின்னான்னு வேலை செஞ்சிட்டிருந்தது. போன மாசம் எடுத்த ரெண்டாவது டெஸ்ட்ல அத்தனையும் அடங்கிடுச்சு. இன்ஹேலர்ல இருக்கற ஸ்டீராய்டு அருமையா கேட்டிருக்கு! இனிமே அதை நிறுத்திடலாம்."

பதறி வாயைத் திறந்தவனின் தோளை, கூட வந்த காண்டிராக்டர் பாண்டுரங்கன் அழுத்தினான். "ரொம்ப டேங்ஸ் மேடம்." பான்பராக் பல்லைக் காட்டி இளித்தான்.

ஒரகடம் ரோட்டுக்கு வந்ததும் அவன் பாண்டுரங்கனிடம் வெடித்தான். "மருந்தில்லாம துரை செத்துருவாம்லா அண்ணாச்சி! எங்க ரூம்ல அவன் மூச்சுக்கு இழுக்கத நீங்க பாத்திருக்கீயளா?"

"கம்பெனி பெயிண்ட் லைன்ல துரை இல்லேன்னா வேலை நின்னுடும். மொத டெஸ்டுக்கு அவனே போனான்; ரெண்டாவதுக்கு, நைட் ஷிப்டுக்காரன் நீ பகல்ல சும்மா கீறன்னு அவன் பேர்ல உன்னை அனுப்புனேன். ஆஸ்பத்திரிக்கு இன்னா, ஒரு ஆளு வரணும். வந்தாச்சு."

 அவன் ரோட்டோரம் குனிந்து வாந்தியெடுத்தான்.

பாண்டுரங்கன் தன் செருப்பில் படாமல் தள்ளி நின்றான். "இன்னாடா, உனக்கும் ஒடம்பு சரியில்லையா? வுடு, நாளைக்கு ஷிப்டுக்கு உன் பேர்ல வேற ஆளை அனுப்பிடறேன்."