சோப்பு போட்டுக் கழுவிய கார்

கடற்கரைத் தெருவின் முனையில், யானை முட்டினாலும் அசையாத இரும்புத் தடுப்புக்கு வெளியே, ஓய்வுபெற்ற மேனேஜரின் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. தொற்று அடங்கும்வரை ஸ்டிக்கர் ஒட்டிய தெருக்காரர்களின் கார்தான் உள்ளே போகலாம். வெளியே நின்றால் லாரி தூக்கிக்கொண்டு போய்விடும். ஊரெல்லாம் மனுக் கொடுத்து இந்தச் சட்டத்தை வாங்கியவரே இவர்தான். வெளியாள் ஒருவன் கடலை எட்டிப் பார்த்தால் போதும், மாடியிலிருந்து இவர் ஊதும் விசிலில் மீன்களே திடுக்கிட்டுத் திரும்பும். இப்போது வெயில் கார்க் கண்ணாடியில் பளீரென்று அடிக்கிறது. ஸ்டிக்கர் இருந்த மூலையில் சோப்பு நுரையின் வெள்ளைத் தடம் மட்டும் காய்ந்து கிடக்கிறது. "வீட்டுல கழுவினாங்க, அதுல போயிடுச்சுப்பா. என்னைத் தெரியாதா உனக்கு?" "நல்லாத் தெரியும் சார். கடவுளே வந்தாலும் ஸ்டிக்கர் இல்லாம விடாதேன்னு நேத்துக்கூடக் கத்தினீங்களே," என்கிறார் காவலர், முகக்கவசத்துக்கு மேலே கண்ணைக்கூடச் சிமிட்டாமல். பின்னால் லாரிக்காரர் கொக்கியை ஆசையாகத் துடைக்கிறார். தெரு நெடுக ஜன்னல் திரைகள் விலகுகின்றன.  இரண்டாவது வீட்டு வாசலில் மேனேஜரின் மனைவி வந்து நிற்கிறாள். வெங்காயம் முதல் கார்வரை அவர் சோப்பு போட்டுக் கழுவவைத்ததில் அவள் விரல்கள் ஊறி வெளுத்திருக்கின்றன. "அம்மா, இவர் உங்க வீட்டுக்காரரா?" என்று காவலர் குரல் கொடுக்கிறார். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறாள். கடல் இரைகிறது. "ஸ்டிக்கர் இருக்கா?" என்று கேட்கிறாள்.