வீட்டு நினைப்பு

கட்டிலில் குப்புறப் படுத்து அழுத பத்து வயது மகள் வனஜாவின் முதுகைச் செங்கமலம் தடவிக்கொடுத்தாள்.

“சாப்பாடு பிடிக்கலையா கண்ணு?”

“ஒரே காரம். இங்க எனக்கு யாரையும் தெரியலம்மா. விளையாடப் போனா எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டு ஓடிடுறாங்க.”

“புது முகம்னா அப்படித்தான். நாலு நாள்ல பழகிடும்.”

“பழகாது. எனக்கு வீட்டுக்குப் போகணும்.”

பிள்ளை பெரிய படிப்புப் படிக்க வேண்டும் என்று கணவர் முடிவெடுத்தபோது செங்கமலம் வாயே திறக்கவில்லை.

வாசலில் ஜீப் வந்து நின்றது. சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து திரும்பிய கணவர் செல்லப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“புள்ள ஏன் அழுவுது?”

“வூட்டு நெனப்பு வந்துடுச்சாம்.”

“நம்ம அரியலூரு வூட்டுலதானே இருக்கு?”

“அஞ்சு வயசுல ஏற்காட்டு ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டோம்ங்க. அதைத்தான் வீடுங்குது.”

செல்லப்பன் கூடத்துக்குப் போய்விட்டார்.

செங்கமலம் மகளின் தலையைக் கோதினாள். “அழாத கண்ணு. லீவு முடிய இன்னும் பத்து நாள் இருக்கு. வேணும்னா நாளைக்கே கொண்டுபோய் விடச் சொல்றேன்.”

வனஜா சட்டென்று எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஊருக்கு வந்த நாளிலிருந்து அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.