கருப்புதான் வேணும்

"கருப்புதான் வேணும்னு சொல்லிட்டுத்தானே உட்கார்ந்தேன், மேடம்?"

முக்காடாகச் சுற்றியிருந்த துப்பட்டாவை இறக்கிவிட்டு அந்தப் பெண் கேட்டாள். ஜன்னல் வெயிலில் அவள் தலை செப்புப் பாத்திரம் போல மின்னியது. வேரிலிருந்து நுனி வரை செம்பட்டை.

கேள்வி நியாயமானது. அதனால்தான் மேடம் சீப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். பார்லர் திறந்த நாளிலிருந்து தெருவே அவளை மேடம் என்றுதான் கூப்பிடும். சொந்த மாமியார்கூட அப்படித்தான். தலைமுடி விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பும் அவளுக்குக் கொஞ்சம் தூக்கல்.

நேற்று நடந்தது இதுதான். வீட்டிலேயே டை அடித்து அடித்து அந்தப் பெண்ணின் முடி தார் பூசியதுபோல் கிடந்தது. புதுக் கருப்பு ஒழுங்காக ஏற வேண்டுமானால் பழையதை எடுத்தாக வேண்டும் என்று மேடம் மருந்து போட்டாள். எடுக்க எடுக்க, அடியிலிருந்து இந்த நிறம் எழுந்து வந்தது. கைநிறையப் பணம் கொடுக்கிறவர்களுக்குக்கூட அவளால் கொண்டுவர முடியாத நிறம். அதன்மேல் கருப்பைப் பூச மனசு வரவில்லை. லேசாகப் பளபளப்பு மட்டும் ஏற்றி நிறுத்திக்கொண்டாள். ஈரத்தில் பார்க்கக் கருப்பாகத்தான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே முடிந்துகொண்டு ஓடிய அந்தப் பெண், வீட்டில் போய்த் தலை காய்ந்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். நன்றி சொல்ல வருவாள் என்று மேடம் காலையிலிருந்து காத்திருந்தாள், பாவம்.

"இது நான் போட்ட கலர் இல்லம்மா. உங்க சொந்தக் கலர்."

"தெரியும். அது வேணாம்னுதான் பத்து வருஷமா மூடி வச்சிருக்கேன்."

சாயங்காலம் அக்கா வீட்டில் விருந்தாம். இத்தனை காலம் வாசற்படி மிதிக்க விடாத அக்கா, இப்போது தானாகவே போன் செய்து கூப்பிட்டிருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை. தலை கருப்பாக இருக்க வேண்டும். செம்பட்டையோடு வந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

மேடம் உச்சுக் கொட்டினாள். அக்காவுக்குப் பொறாமை என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள். தங்கை இந்தத் தலையோடு வந்து நின்றால் அங்கே அக்காவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அவங்க சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், இப்படியே போய் நில்லுங்க என்று ஏற்றியும் விட்டாள்.

"என்னால முடியாது மேடம். அங்க அவன் இருப்பான்."

அவன் என்றதும் மேடம் காதைத் தீட்டிக்கொண்டாள். துணியைப் போர்த்தி, கிண்ணத்தில் கருப்பைக் குழைத்துக்கொண்டே மெல்லக் கிளறினாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பத்து வருஷமாக அவனைத் தூரத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறாளாம். எதிர்ப்பக்கக் கடையில் எதையோ வாங்குவதுபோல் நின்று, அவன் கார் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்குள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாளாம். ஒருநாள் அவன் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு போனபோது, கையில் குடையை வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றிருக்கிறாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

மேடம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவளும் ஒரு காலத்தில் ஒருத்தனுக்காக ஜன்னலில் நின்றவள்தான்.

"அவருக்கும் உங்க மேல பிரியம் உண்டா?"

"அவனுக்கு என்னைத் தெரியவே தெரியாது."

பத்து வருஷம் ஒருதலையாகவா! இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்று மேடம் வியந்துபோனாள்.

"இன்னிக்கு ஒரு தடவை அவன் பக்கத்துல உட்காரணும். சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கணும். எனக்கு அது போதும், மேடம்."

இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு, இருக்கிற அழகையும் மூடிக்கொண்டா போவாள் என்று மேடத்துக்கு ஆற்றவில்லை. வெளியே தெரியாமல் காதுக்குப் பின்னால் ஒரு இழையாவது விட்டுவிடவா என்று கெஞ்சிப் பார்த்தாள்.

அந்தப் பெண் முன்னால் விழுந்த ஒரு கொத்தை எடுத்து விரலால் கோதினாள். தன் முடியைத் தொடுகிறவள்போல் இல்லை. தூங்குகிற யாருடைய தலையையோ, விழித்துவிடக் கூடாதே என்று தடவுகிறவள்போல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கையை எடுத்தாள்.

"வேண்டாம். யாராவது பார்த்துட்டா அவன் பக்கத்துல என்னை விட மாட்டாங்க."

மேடம் பூசினாள். ஊற விட்டு, அலசி, உலர்த்தி முடித்தபோது கருப்பு கச்சிதமாக ஏறியிருந்தது. மனசே இல்லாமல் செய்த வேலை இவ்வளவு சுத்தமாக வந்ததில் அவளுக்கே எரிச்சல். அந்தப் பெண் கண்ணாடிக்கு மிக அருகில் போய், வகிட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவளிடம் மேடம் சும்மா கேட்டுவைத்தாள்.

"அது சரி, அவர் என்ன பண்றார்? நல்ல வேலையில இருக்காரா?"

"அஞ்சாவது படிக்கிறான்."

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த மேடத்தின் கை அப்படியே நின்றது.

"ஊருக்கு அவன் எங்க அக்கா பையன், மேடம்," என்றாள் அவள், கதவைத் திறந்துகொண்டே. "அவன் தலையும் இதே செம்பட்டைதான். அந்த வீட்டுல வேற யாருக்குமே அது கிடையாது."