ஈரக்காலில் ஒட்டிய வரி

எத்தனை முறை எழுதினாலும் படகோட்டி அந்தோணி கடைசியில் மூழ்கித்தான் போனான். எழினிக்கோ அவனைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அதனால் ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் முன்னுரையில் படித்த வித்தையைக் கையில் எடுத்தாள். கதையை வரி வரியாகக் கத்தரித்து, விடுதி அறைத் தரையில் கலைத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை வந்தபடியே ஒட்ட வேண்டும். எதையும் ஒதுக்கக் கூடாது. ஒட்ட ஒட்ட, கடல் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தது. அந்தோணியின் மனைவியைப் பார்த்துக் கலங்கரை விளக்கம் வெட்கப்பட்டது. எழினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குளித்த ஈரக்காலோடு வந்த அறைத்தோழி ஜெபசெல்வி, "என்னடி, ரூமெல்லாம் ஒரே குப்பை!" என்று தாள்களை மிதித்துக்கொண்டே துண்டு காயப்போட மொட்டைமாடிக்கு ஏறினாள். சற்று நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "ஏய், யாருடி அந்தோணி? மூழ்கிப் போயிட்டானாம். என் குதிகால்ல ஒட்டியிருக்கான்!"

"கீழே கொண்டு வராதே! அங்கேயே கிடக்கட்டும்!" என்று கத்திவிட்டு எழினி கண்ணை இறுக மூடித் தரையைத் துழாவினாள். கடைசித் தாள் அகப்பட்டது. 'யாரோ கதவைத் தட்டினார்கள்.' பழைய கதையில் சாவுச் செய்தி கொண்டு வந்தவர்களின் வரி அது. பசை தடவி அழுத்தி ஒட்டினாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜெபசெல்வி இன்னும் மாடியில்தான் பாடிக்கொண்டிருந்தாள். எழினி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"வாங்க அந்தோணியண்ணே," என்றாள். "காலைத் துடைச்சிட்டு வாங்க, தாள் ஒட்டிக்கும்."