மலைத் தடத்துக்கு வந்த புது வண்டி

மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு டீசல் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதே தடத்தில் ஓட்டிப் பார்க்க மின்சாரப் பேருந்து ஒன்று பணிமனைக்கு வந்தது. அது தேறிவிட்டால் தன்னைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று டீசலுக்குத் தெரியும்.

"தம்பி, ஏறும்போதே உன் சார்ஜ் தீர்ந்துடும். திரும்பி வரமாட்டே."

"எனக்கும் அதே பயந்தாண்ணே," என்றது மின்சாரப் பேருந்து.

அந்தப் பதில் டீசலுக்கு இனித்தது. அது மலையேறக் கிளம்பிப் போனதும், அதைக் கட்டி இழுத்துவரத் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. சாயங்காலம் மின்சாரப் பேருந்து தானாகவே உள்ளே வந்தது.

"எப்படிடா வந்தே?"

"ஏறும்போது சார்ஜ் நிறையத்தான் போச்சுண்ணே. இறங்கும்போது பிரேக் போடப் போடக் கொஞ்சம் திரும்ப ஏறிடுச்சு."



"அந்த இறக்கத்துல நானும் தினம் பிரேக் போட்டேன். சக்கரம் சுட்டதுதான் மிச்சம்," என்றது டீசல்.

பிறகு மெதுவாகச் சொன்னது: "ஆஸ்பத்திரி வாசல்ல நோயாளிங்க நிதானமாத்தான் ஏறுவாங்க. நீ சத்தமில்லாம கிளம்புற வண்டி. பார்த்துக் கிளம்பு."