சீட்டுக்கு அடியில் பத்து கிலோ

பாலைவனத்தில் கலவை லாரி மணலில் புதைந்துவிட்டது. வயிறு நிறையக் கான்கிரீட். வெளியே அடுப்பு மாதிரி வெயில். இன்னும் ஒரு மணி நேரத்தில் கலவை உள்ளேயே இறுகிவிடும். இறுகினால் லாரிக்குக் காயலான் கடைதான்.

யார் புதையச் சொன்னது? "இளகின மணல், சுத்திப் போ" என்று தண்ணி டேங்கர் காலையிலேயே சொன்னது.

"போற இடத்துலயே கலக்கிக் கொட்டுறவன் நான். எனக்கே வழி சொல்றியா?" என்று லாரி நேரே இறங்கியது.

இப்போது லாரியின் முதுகிலிருந்த கலவை உருளை முக்கி முனகிச் சுற்றியது.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. வயிறு கட்டுது."

"இப்பதான் அண்ணனா?" என்றது சுற்றி வந்து பக்கத்தில் நின்ற டேங்கர். திட்டிக்கொண்டே, தன்னிடம் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றியது. கலவை கொஞ்சம் இளகி, மறுபடி கெட்டியானது.

டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்னைக் கொட்டிப் பாருங்க."

வேலை ஆட்களின் டீக்காக ஏற்றிய பத்து கிலோ சர்க்கரை மூட்டை அது.

"என் வயித்துல என்ன பாயசமா வைக்கப் போறே?" என்று லாரி எரிந்து விழுந்தது.

"சர்க்கரை கலந்தா சிமெண்ட் லேசுல இறுகாது. வாயை மூடிட்டு உருளையைச் சுத்து."

டிரைவருக்கும் அந்த வித்தை தெரியும். மூட்டையை அவிழ்த்து மொத்தத்தையும் உள்ளே கொட்டினார்.

கலவை வீண்தான். ஆனால் கூழாகவே வெளியே விழுந்தது. உருளை பிழைத்தது. பாரம் இறங்கியதும் லாரியும் மணலிலிருந்து மேலே ஏறியது.

மறுநாள் லாரி, "எப்படிச் சமாளிச்சேன் பாத்தீங்களா?" என்று அளந்துகொண்டிருந்தது.

"யாரு சமாளிச்சது?" என்றது டேங்கர்.

இனிப்பில்லாத டீயைக் குடித்து முகம் சுளித்த ஆட்கள்தான் பதில் சொன்னார்கள்.

"எங்க சர்க்கரை மூட்டை."